ஈர்ப்பு விசையோடு ஒரு மாலைப் பொழுது

அழுத்தம் என்றால் என்ன என்று எட்டாம் வகுப்பு மாணவனைக் கேட்டாலும் தயங்காமல் சொல்வான்: ஓரலகுப் பரப்பின்மீது செங்குத்தாகச் செயல்படும் விசை. ஊசி ஏன் கூராக இருக்கிறது, தண்டவாளத்தின் அடியில் ஏன் அகன்ற கான்கிரீட் கட்டைகளை அடுக்குகிறார்கள், ஒட்டகத்தின் பாதம் ஏன் அகன்றிருக்கிறது என்ற கேள்விகளுக்கெல்லாம் இந்த ஒரு வரியே விடை. தேர்வுகளில் இவை ஆண்டுதோறும் தவறாமல் வருகின்றன. ஆனால் இதே வரி படுக்கையிலிருக்கும் ஒரு முதியவரின் உயிரைக் காப்பதும் உண்டு. அதைப் பாடநூல்கள் சொல்வதில்லை.

ஊரப்பாக்கத்தில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து செங்கல்பட்டு செல்லும் மின்ரயில் பாதையில், வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவே உள்ள ஊர் இது. 2023 டிசம்பரில் பக்கத்திலுள்ள கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு, தென்மாவட்டத்துக்காரர்களுக்கும் ஊரின் பெயர் பழகிவிட்டது. நாம் எடுத்துக்கொண்ட வீட்டில் இருவர். பெரியவருக்கு வயது 82, எடை 60 கிலோ. பக்கவாதத்தால் வலது கையும் வலது காலும் வலுவிழந்தவை. அவருடைய மனைவிக்கு 76 வயது, 45 கிலோ எடை, இரு முழங்கால்களிலும் மூட்டு வலி. பிள்ளைகள் தொலைவில் இருக்கிறார்கள். மாலை 5 மணி முதல் இரவு 10 மணி வரை உதவிக்கு ஒரு பெண் வருகிறார். செவிலியர் பட்டம் பெற்றவர் அல்லர்; ஆனாலும் தெருவில் எல்லாருக்கும் அவர் 'ஹோம் நர்ஸ்'தான்.

இப்படிப்பட்ட வீடு அந்தத் தெருவில் மட்டும் இருப்பதன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியர்களில் 60 வயதைக் கடந்தவர்கள் 8.6 விழுக்காடு. தமிழ்நாட்டில் அது 10.4 விழுக்காடு. அதன் பிறகு இந்தப் பங்கு கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

பத்து மணிக்கு அந்தப் பெண் போய்விடுகிறார். அதன் பிறகு விடியும்வரை பெரியவரைப் புரட்டிப் படுக்க வைப்பது யார்? 45 கிலோ எடையுள்ளவர் 60 கிலோ எடையுள்ளவரை எப்படிப் புரட்டுவது? இது அன்பைப் பற்றிய கேள்வி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இயற்பியல் கேள்வியும் ஆகும்.

பதினொன்றும் தொண்ணூறும்

ஏன் புரட்ட வேண்டும் என்பதை முதலில் பார்ப்போம். பெரியவரின் எடை ஏறக்குறைய 600 நியூட்டன். அவர் மல்லாந்து படுத்திருக்கும்போது உடல் மெத்தையைத் தொடும் பரப்பு 0.4 சதுர மீட்டர் என்று கொண்டால், சராசரி அழுத்தம் 1,500 பாஸ்கல். மருத்துவர்கள் பயன்படுத்தும் பாதரச அளவில் இது சுமார் 11 மில்லிமீட்டர்தான்.

நம் தோலுக்கு இரத்தம் கொண்டுசெல்பவை தந்துகிகள் எனப்படும் மயிரினும் மெல்லிய குழாய்கள். 1930-இல் யூஜின் லாண்டிஸ் என்னும் உடலியல் அறிஞர், மனித விரலின் நகக்கண்ணில் உள்ள தந்துகிகளுக்குள் நுண்குழலைச் செலுத்தி அவற்றின் அழுத்தத்தை அளந்தார். தமனிப் பக்க முனையில் அது சராசரியாக 32 மில்லிமீட்டர். வெளியிலிருந்து அமுக்கும் 11, உள்ளே இருக்கும் 32-ஐ வெல்ல முடியாது அன்றோ? அப்படியானால் படுக்கைப் புண் எப்படி வருகிறது?

சராசரி என்பது சில சமயம் மனிதரை ஏமாற்றும் எண். உடலின் எடை மெத்தைமீது சீராகப் பரவுவதில்லை. எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இடங்களில் குவிகிறது. முதுகெலும்பின் அடிமுனை, இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, குதிகால், தோள்பட்டை, பின்தலை ஆகியவை அந்த இடங்கள். இடுப்புப் பகுதியின் எடையில் ஒரு 6 கிலோ மட்டும், மூன்று தீப்பெட்டிகளைப் படுக்கவைத்த பரப்பில், அதாவது 50 சதுர சென்டிமீட்டரில் இறங்குவதாகக் கொள்வோம். 60 நியூட்டனை 0.005 சதுர மீட்டரால் வகுத்தால் 12,000 பாஸ்கல். பாதரசத்தில் 90 மில்லிமீட்டர். தந்துகி நசுங்கிவிடும். அந்த இடத்துத் திசுவுக்கு உயிர்வளியும் இல்லை, உணவும் இல்லை.

நீங்களும் நானும் தரையில் பாய் விரித்துப் படுத்தாலும் நமக்குப் புண் வருவதில்லை. நரம்பு 'வலிக்கிறது' என்று சொல்கிறது, தசை கேட்டுக்கொள்கிறது, நாம் விழிக்காமலே புரண்டு படுக்கிறோம். பக்கவாதம் வந்தவருக்கு, சொல்லும் நரம்பு பழுதாகியிருக்கும், அல்லது கேட்கும் தசை பழுதாகியிருக்கும். முதுமையில் தோலும் மெலிந்து, அடியிலுள்ள கொழுப்பும் குறைந்துவிடுகிறது. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே பஞ்சு இல்லாத நிலை.

அழுத்தத்தோடு காலமும் சேர்ந்துகொள்கிறது. அழுத்தம் அதிகமானால் புண் தோன்றக் குறைந்த நேரம் போதும். அழுத்தம் குறைவானால் நேரம் நீள்கிறது. விலங்குகள்மீது செய்த சோதனைகள் இந்த எதிர்விகிதத் தொடர்பைக் காட்டியிருக்கின்றன. இதை மருத்துவமனைப் பழக்கமாகவே ஆக்கியவர்களுள் முக்கியமானவர் லுட்விக் குட்மன். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து 1939-இல் தப்பி இங்கிலாந்து வந்த இவர், 1944-இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடம் அடிபட்ட போர்வீரர்களுக்கான பிரிவைத் தொடங்கினார். அதுவரை அத்தகைய வீரர்களில் மிகப் பலர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் மாண்டார்கள். குட்மன் புதிய மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. இரவும் பகலும் இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வையுங்கள் என்றார். தாமே இரவில் வந்து மேற்பார்த்தார். வீரர்கள் பிழைத்தார்கள். (மாற்றுத்திறனாளிகளின் பாராலிம்பிக் விளையாட்டுக்கு வித்திட்டவரும் இவரே. 1948-இல் அதே மருத்துவமனைப் புல்வெளியில் அது தொடங்கியது.)

ஆகவே மாலை ஐந்து மணிக்கு வீட்டினுள் நுழைந்ததும் நம் ஹோம் நர்ஸ் செய்யும் முதல் வேலை பெரியவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகின் அடிப்பகுதியையும் குதிகால்களையும் பார்ப்பது. தோல் நிறம் மாறிய இடத்தை விரலால் மெல்ல அழுத்தி எடுக்கிறார். நிறம் வெளுத்து மீண்டும் திரும்பினால் இரத்தம் ஓடுகிறது என்று பொருள். வெளுக்காவிட்டால் புண் உள்ளே தொடங்கிவிட்டது. மேல்நாட்டு நூல்கள் 'சிவந்த இடத்தைத் தேடுக' என்று எழுதுகின்றன. நம்மவரின் மாநிறத்திலும் கருநிறத்திலும் சிவப்பு எளிதில் தெரியாது. சுற்றிலும் உள்ள தோலைவிடச் சூடாக, கெட்டியாக, அல்லது சற்றுக் கருத்து இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்ப்பதே நமக்குப் பொருந்தும். அந்த இடத்தில் எண்ணெய் விட்டுத் தேய்ப்பது நம் வீடுகளில் வழக்கம். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். நலிந்த தந்துகிகளை அது மேலும் கிழிக்கிறது.

குருதித் தூண்

அடுத்தது இரத்த அழுத்தம் பார்ப்பது. பாதரசக் கருவிகள் மெல்ல மறைந்து மின்னணுக் கருவிகள் வந்துவிட்டன. பாதரச மில்லிமீட்டர் என்ற அலகு மட்டும் போகவில்லை. 1896-இல் இத்தாலியரான ரிவா-ரோச்சி மேற்கையைச் சுற்றிக் கட்டும் காற்றுப்பையை அமைத்த காலத்திலிருந்து அது நம்மோடு இருக்கிறது.

இந்தக் கருவி பல வீடுகளில் வீண் சச்சரவை உண்டாக்குகிறது. காலையில் 138 காட்டியது, மாலையில் 150 காட்டுகிறது, கருவி கெட்டுவிட்டது என்பார்கள். கையை எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்க வேண்டும். திரவத்தின் அழுத்தம் ஆழத்தோடு கூடுகிறது: அடர்த்தி, ஈர்ப்பு முடுக்கம், ஆழம் மூன்றின் பெருக்கற்பலன். இரத்தத்தின் அடர்த்தி கன மீட்டருக்கு 1,060 கிலோகிராம். கை, இதய மட்டத்திலிருந்து 10 செ.மீ. தாழ்ந்தால் அழுத்தம் ஏறக்குறைய 1,040 பாஸ்கல், அதாவது 8 மில்லிமீட்டர், கூடுதலாகக் காட்டும். 15 செ.மீ. தொங்கினால் 12 மில்லிமீட்டர். மேற்சொன்ன சச்சரவு தீர்ந்தது! முழங்கையின் கீழ் ஒரு தலையணை வைத்து, பட்டை இதய மட்டத்தில் இருக்கும்படி அளந்தால் போதும்.

இதே கணக்கு, பெரியவரை எழுப்பி நிறுத்தும்போது விளையாட்டாக இருப்பதில்லை. படுத்திருக்கும்போது தலை, இதயம், பாதம் மூன்றும் ஒரே மட்டத்தில் உள்ளன. நின்றால் பாதம் இதயத்துக்கு 1.2 மீட்டர் கீழே போகிறது. அங்கே அழுத்தம் 90 மில்லிமீட்டருக்கு மேல் கூடுகிறது. இதயத்துக்கு 30 செ.மீ. மேலே உள்ள மூளையில் 23 மில்லிமீட்டர் குறைகிறது. அரை லிட்டருக்கும் மேலான இரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. இளமையில் கழுத்துத் தமனியில் உள்ள உணர்விகள் இதைக் கண்டு, ஓரிரு துடிப்புகளுக்குள் இதயத்தை விரைவுபடுத்தி, குழாய்களை இறுக்கிச் சரிசெய்துவிடுகின்றன. முதுமையில் அந்த ஏற்பாடு தாமதமாகிறது. இரத்த அழுத்த மாத்திரைகளும் நீர் பிரிய வைக்கும் மாத்திரைகளும் அதை இன்னும் தாமதப்படுத்துகின்றன. நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மேல் அழுத்தம் 20 மில்லிமீட்டரோ கீழ் அழுத்தம் 10 மில்லிமீட்டரோ இறங்கினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நடு இரவில் கழிவறைக்குப் போக எழுந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளும் முதியவர்களில் பலரை வீழ்த்தியது வழுக்கிய தரை மட்டுமன்று. கீழே இறங்கிவிட்ட இந்தக் குருதித் தூணும்தான்.

ஹோம் நர்ஸ் அவசரப்படுவதில்லை. "ஐயா, கொஞ்ச நேரம் கட்டில் ஓரத்துலயே உக்காருங்க. காலை ஆட்டுங்க" என்கிறார். கெண்டைக்கால் தசை சுருங்கும்போதெல்லாம் சிரைகளைப் பிழிந்து இரத்தத்தை மேலே அனுப்புகிறது. வால்வுகள் அதைத் திரும்பி வரவிடுவதில்லை. வலது கால் ஆடாவிட்டாலும் இடது கால் ஆடினால் லாபமே. ஐந்து நிமிடம் பொறுத்தால் தலைசுற்றல் பெரும்பாலும் வராது.

முதுகு என்னும் நெம்புகோல்

இனி அவரை நாற்காலிக்கு மாற்ற வேண்டும். இங்கேதான் உதவுபவரின் முதுகு பழுதாகிறது.

குனிந்து எடை தூக்கும்போது நம் முதுகு ஒரு நெம்புகோல். அடிமுதுகின் எலும்பு வட்டு ஆதாரப்புள்ளி. முதுகுத் தசைகள் அதற்கு 5 செ.மீ. பின்னால் இழுக்கின்றன. பெரியவரின் எடையில் பாதியை மட்டும், அதாவது 300 நியூட்டனை, உடலிலிருந்து 50 செ.மீ. எட்டத்தில் கையை நீட்டித் தூக்குவதாகக் கொள்வோம். திருப்புத்திறன் 150 நியூட்டன் மீட்டர். 5 செ.மீ. கரத்தில் இதைச் சமன்செய்யத் தசை 3,000 நியூட்டன் விசையில் இழுக்க வேண்டும். குனிந்திருக்கும் தன் மேலுடம்பையும் அதுவே தாங்க வேண்டும். அதற்கு இன்னொரு 1,500 நியூட்டன். ஆக, அந்தச் சின்ன வட்டின்மீது 450 கிலோ எடையை ஏற்றி வைத்தது போலாகிறது. தொழிலாளர் உடல்நலத்தை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனம் ஒன்று 1981-இல் இதற்கு வகுத்த எச்சரிக்கை வரம்பு ஏறக்குறைய 3,400 நியூட்டன். தினந்தோறும் இந்த வரம்பைத் தாண்டுகிறவர்களை 'ஆயா வேலைதானே' என்று சொல்லிக் கூலி பேசுவது எனக்கு எப்போதும் வியப்பளிக்கிறது.

முழங்காலை மடித்து, முதுகை நிமிர்த்தி, எடையை 20 செ.மீ. அருகே கொண்டுவந்தால் மேற்சொன்ன விசை பாதிக்கும் கீழே குறைகிறது. ஆனால் அதைவிடச் சிறந்த வழி தூக்காமலே இருப்பது. இதற்கு ஒரு சோதனை செய்து பாருங்கள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பாதங்களை முன்னே நீட்டி வைத்துக்கொண்டு, முன்னால் சாயாமல் எழுந்திருக்க முயலுங்கள். பயில்வானாலும் முடியாது. உடலின் ஈர்ப்பு மையம் பாதங்களுக்குப் பின்னால் இருக்கும்வரை எழ இயலாது. பாதங்களைப் பின்னுக்கு இழுத்து, மூக்கு கால்விரல்களுக்கு நேரே வரும்படி குனிந்தால், ஈர்ப்பு மையம் பாதங்களுக்கு மேலே வந்துவிடுகிறது. உடல் தானாக எழுகிறது.

ஹோம் நர்ஸ் செய்வதும் இதுதான். பெரியவரின் இடது பாதத்தைப் பின்னுக்குத் தள்ளி வைக்கிறார். வலது முழங்கால் மடங்கிவிடாதபடி தம் முழங்காலால் அணை கொடுக்கிறார். இடுப்பைச் சுற்றி மடித்துக் கட்டிய துண்டைப் பிடித்துக்கொண்டு, "குனிஞ்சு என் தோளைப் பாருங்க ஐயா" என்கிறார். எழுவது பெரும்பாலும் பெரியவரே. வலுவிழந்த கையைப் பிடித்தோ அக்குளில் கைகொடுத்தோ இழுப்பது மட்டும் கூடாது. தசைப்பிடிப்பு இல்லாத தோள்மூட்டு எளிதில் நழுவிவிடும்.

ஏழு மணிக்கு இரவு உணவு. கட்டிலிலேயே தலையணைகளை அடுக்கிச் சாய்த்து ஊட்டிவிடலாமே என்று தோன்றும். தொலைக்காட்சித் தொடர் பார்க்கவும் அது வசதி. ஆனால் சாய்வு 30 பாகை ஆனதுமே மேலுடம்பு எடையில் பாதி, சரிவின் வழியே கீழ்நோக்கித் தள்ளுகிறது. 45 பாகையில் பத்தில் ஏழு பங்கு. எலும்புக்கூடு சறுக்குகிறது, தோலோ உராய்வினால் விரிப்போடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. நடுவிலுள்ள குழாய்கள் முறுக்கிய ரப்பர் குழாய்போல் மடங்குகின்றன. சறுக்குப்பெயர்ச்சி என்று வகுப்பில் புத்தகக் கட்டைச் சாய்த்துக் காட்டுகிறோமே, அதுதான் இது. நேர் அழுத்தத்தைவிட இது பொல்லாதது. கரையோரப் புழுக்கத்தில் வியர்வையும் சேர்ந்தால் உராய்வு இன்னும் கூடும். எனவே உணவு நாற்காலியில்தான். அங்கே எடையில் பெரும்பகுதி சிறிய இருக்கையில் இறங்குவதால் சராசரி அழுத்தமே 30 மில்லிமீட்டரைத் தாண்டும். ஆகவே கால் மணிக்கொரு முறை அவரை இப்பக்கமும் அப்பக்கமும் சாயச் சொல்கிறார்.

உணவு, கெட்டியாகக் கரைத்த கஞ்சி. பக்கவாதத்துக்குப் பின் விழுங்கும் தசைகள் தாமதமாக மூடுகின்றன. தண்ணீருக்குப் பாகுநிலை குறைவு. தசை மூடுமுன் மூச்சுக்குழாய்க்குள் ஓடிவிடுகிறது. கஞ்சி மெல்ல நகர்வதால் தசைக்கு அவகாசம் கிடைக்கிறது. எவ்வளவு கெட்டி என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும்.

இரவு இரண்டு மணி

இப்போது நம் கேள்விக்கு வருவோம். பத்து மணிக்கு மேல் இரண்டு மணிக்கொரு முறை என்றால் 12, 2, 4, 6 மணிக்கு அந்த அம்மாள் எழுந்திருக்க வேண்டும். ஒரு வாரத்தில் அவரும் படுக்கையில் விழுந்துவிடுவார்.

முதல் உதவி மெத்தையிலிருந்து கிடைக்கிறது. 1832-இல் நீல் ஆர்னட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் தண்ணீர்த் தொட்டியின்மீது ரப்பர் துணி விரித்து நீர்ப்படுக்கை செய்தார். உடல் அமிழ அமிழத் தொடும் பரப்பு கூடுகிறது, அழுத்தம் குறைகிறது. இன்று கடைகளில் 'ஆல்ஃபா பெட்' என்று கேட்டால் கிடைக்கும் காற்று மெத்தை காலத்தையும் பங்கிடுகிறது. அதன் அறைகள் சில நிமிடங்களுக்கொரு முறை மாறி மாறி உப்பித் தணிகின்றன. எந்த இடமும் தொடர்ந்து நசுங்குவதில்லை. அதன்மேல் தடித்த கம்பளியும் ரப்பர் விரிப்பும் போட்டுவிட்டால் வாங்கிய காசு வீண். நடுவில் துளையுள்ள காற்று வளையத்தை இப்போது மருத்துவர்கள் ஒதுக்கிவிட்டார்கள். வளையத்தின் விளிம்பே சுற்றிலும் இரத்தத்தை நிறுத்திவிடுகிறது.

இரண்டாவது, 2013-இல் வெளியான ஓர் ஆய்வு. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதியோர் இல்லங்களில், அடர்ந்த நுரை மெத்தையில் படுத்திருந்தவர்களை 2, 3, 4 மணி நேர இடைவெளிகளில் புரட்டிப் பார்த்தார்கள். புண் தோன்றுவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நல்ல மெத்தை இருந்து, தோலையும் நாள்தோறும் பார்த்துவந்தால், மருத்துவரின் இசைவோடு இடைவெளியை நீட்டலாம். பத்து மணிக்கு ஹோம் நர்ஸ் புரட்டிவிட்டுப் போனால் அடுத்தது இரண்டு மணி, பிறகு ஆறு. இரவில் நான்கு முறை எழுவது இரண்டாகிவிட்டது. வீட்டிற்கே வந்து இவற்றைச் சொல்லித்தர, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம்.

மூன்றாவது, மடித்த முழங்கால். மல்லாந்து கிடப்பவரின் இடுப்பைத் தள்ளிப் புரட்ட முயன்றால், விசை படும் இடம் மெத்தையிலிருந்து 10, 15 செ.மீ. உயரத்தில்தான் இருக்கிறது, கரம் குட்டை. அவருடைய வலது காலை மடித்துப் பாதத்தை மெத்தையில் ஊன்ற வைத்தால், முழங்கால் 45 செ.மீ. உயரத்தில் நிற்கிறது. அதே திருப்புத்திறனுக்கு மூன்றில் ஒரு பங்கு விசை போதும். அம்மாள் இடப்பக்கம் நின்றுகொண்டு, பெரியவரின் வலது கையை மார்பின்மீது வைத்து, ஒரு கையால் முழங்காலையும் மறு கையால் தோளின் பின்புறத்தையும் தம் பக்கம் இழுக்கிறார். முழங்கால் நடுக்கோட்டைத் தாண்டியதும் அதன் எடையே மீதி உடலை இழுத்துக்கொண்டு போகிறது. அதுவரை எதிரியாக இருந்த ஈர்ப்பு விசை இந்தப் பக்கம் வந்துவிடுகிறது.

முழுவதும் பக்கவாட்டில் கிடத்துவதில்லை. அப்படிச் செய்தால் எடை எல்லாம் இடுப்பின் பக்கவாட்டு எலும்பில் குவியும். முதுகின் பின்னே ஒரு தலையணையைச் செருகி 30 பாகைச் சாய்வில் நிறுத்துகிறார். அப்போது எடை சதைப்பற்றுள்ள பகுதியில் பரவுகிறது. கெண்டைக்கால்களின் கீழே இன்னொரு தலையணை. குதிகால்கள் எதையும் தொடாமல் காற்றில் நிற்கின்றன. எல்லாம் முடிய மூன்று நிமிடம்கூட ஆவதில்லை. ஆறு மணிக்கு அலாரம் வைத்துவிட்டு அம்மாள் விளக்கை அணைக்கிறார்.